விஷம் இறங்குமா?

விடியற்காலையில் நமது ஊர்ப் பூங்காவின் வாயிலில் ஒரு சிறு சந்தை கூடுகிறது. உலாவிவிட்டு வேர்வை வழிய வெளியே வருகிறவர்களுக்காக ஒருவர் பாத்திரங்களை வரிசையாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். ஒன்றில் அறுகம்புல் சாறு. ஒன்றில் வாழைத்தண்டுச் சாறு. மற்றொன்றில் சுரைக்காய்ச் சாறு. "உடம்பிலே இருக்கிற விஷமெல்லாம் இறங்கிவிடும், ஸார்!" என்கிறார் அவர். பெரிய மனிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறார்கள். நாகரிக உலகம் இதற்கு 'டீடாக்ஸ்' என்று பெயர் சூட்டியிருக்கிறது. தேகசுத்தி என்று நாம் சொல்லலாம்.

நம்முடன் பள்ளிக்கூடத்தில் பணியாற்றும் நண்பர் ஒருவர் இந்தத் தேகசுத்தியில் இறங்கினார். பத்து நாள் அன்னத்தைத் தொடுவதில்லை, சாறு மட்டுமே ஆகாரம் என்பது அவருடைய விரதம். அவர் நீரிழிவுக்காரர். சோற்றை நிறுத்தினாரே தவிர, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தவில்லை. நான்காம் நாள், கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் சுண்ணக்கட்டியும் கையுமாகச் சாய்ந்துவிட்டார். பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். வைத்தியர் நாளத்தின் வழியாகக் குளுகோஸ் ஏற்றிய பிறகே கண் திறந்தார். "விஷத்தை இறக்குகிறேன் என்று உயிரையே இறக்கப் பார்த்தீரே!" என்று வைத்தியர் கடிந்துகொண்டார்.

அன்று முதல் நம் மனத்தில் ஒரு கேள்வி. இறங்குவதாகச் சொல்லும் அந்த விஷம் எது? அதற்குப் பெயர் உண்டா? சாறு விற்பவரைக் கேட்டால் சிரிக்கிறார்.

இந்த எண்ணம் புதிதன்று. 1908-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாஃப் என்னும் ருஷ்ய விஞ்ஞானியே, பெருங்குடலில் தங்கும் கழிவு அழுகி, அதன் விஷம் இரத்தத்தில் கலந்து மூப்பை உண்டாக்குகிறது என்று நம்பினார். லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற ரண சிகிச்சை நிபுணர், இக்கொள்கையை நம்பிப் பலருடைய பெருங்குடலை அறுத்தே எடுத்தார்! 1919-இல் அமெரிக்க வைத்தியர் வால்ட்டர் ஆல்வரெஸ் எளிய நியாயம் ஒன்றை எடுத்துக் காட்டினார். மலச்சிக்கலால் வரும் தலைவலியும் சோர்வும் வயிறு கழிந்தவுடனே நீங்கிவிடுகின்றன. இரத்தத்தில் விஷம் கலந்திருந்தால் அவ்வளவு விரைவில் நீங்குமா? குடல் நிரம்பி விரிவதே அத்தொல்லைக்குக் காரணம் என்றார் அவர்.

அப்படியானால் உடம்பில் கழிவே சேருவதில்லையா? சேருகிறது, ஆனால் அதை அகற்ற இரவு பகலாக உழைக்கும் வேலைக்காரர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள். சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரல், நாம் உண்ணும் பருப்பிலிருந்தும் பாலிலிருந்தும் பிறக்கும் அம்மோனியா என்னும் நச்சை யூரியாவாக மாற்றிவிடுகிறது. கைப்பிடியளவே உள்ள சிறுநீரகங்கள் இரண்டும் நாள்தோறும் ஏறக்குறைய 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. வேண்டியதை இரத்தத்திற்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, யூரியாவையும் மற்றக் கழிவுகளையும் ஒன்றரை இரண்டு லிட்டர் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இவ்வேலையை ஒரு தம்ளர் சாறு மேற்கொள்ளும் என்பது வீண் நம்பிக்கையே. கடைகளில் விற்கும் தேகசுத்தி முறைகளை 2015-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் அலசிப் பார்த்தனர். அவற்றின் பயனை மனிதரிடத்தில் முறைப்படி ஒப்பிட்டுச் சோதித்த பரீட்சை ஒன்றுகூட அவர்கள் கண்ணுக்கு அகப்படவில்லை.

"மூன்றே நாளில் இரண்டு கிலோ குறைந்தேனே!" என்று சிலர் கேட்கக்கூடும். மெய்தான். உடம்பு அவசரத்திற்கென்று மாவுச்சத்தைக் கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிறது. அதனுடன் ஒன்றுக்கு மூன்று பங்கு நீரும் சேர்ந்திருக்கிறது. பட்டினி கிடந்தால் முதலில் கரைவது இச்சேமிப்பே. மறுபடி சாதம் சாப்பிட்டவுடன் போன நீர் திரும்பி வந்துவிடும்.

பயனில்லாவிட்டாலும் தீங்கில்லையே என்று இருந்துவிடவும் முடியாது. 2010-இல் டில்லியில், சுரைக்காய்ச் சாற்றை வழக்கமாகப் பருகிவந்த ஒருவர், ஒருநாள் சாறு கசந்தும் பொருட்படுத்தாமல் குடித்து உயிரிழந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு ஒன்றை அமைத்து இதனை ஆராய்ந்தது. சுரைக்காயில் சில சமயம் குக்கர்பிட்டாசின் என்னும் கசப்பு நச்சு மிகுந்துவிடுகிறது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆகையால், சாறு பிழியுமுன் ஒரு துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் எறிந்துவிட வேண்டும். குடித்தபின் வாந்தியோ வயிற்றுவலியோ கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று குழு எச்சரித்தது.

இதைப் படித்தபொழுது நம் பாட்டியின் நினைவு வந்தது. சுரைக்காயை நறுக்குமுன் ஒரு சிறு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பாள். கசந்தால், "பேய்ச்சுரை!" என்று கொல்லையில் வீசிவிடுவாள். அவளுக்குக் குக்கர்பிட்டாசின் தெரியாது. ஆனால் சோதிக்காமல் எதையும் உண்ணலாகாது என்பது தெரியும். முன்னோர் வழி என்று சாற்றைப் பிடித்துக்கொண்ட நாம், முன்னோரின் எச்சரிக்கையைக் கைவிட்டோம்!

இயற்கை வைத்தியத்தில் காந்தியடிகளுக்கு இருந்த பற்று உலகம் அறிந்தது. 1946-இல் புனாவுக்கு அருகே உருளிகாஞ்சன் கிராமத்தில் அதற்கென்றே ஓர் ஆசிரமம் தோன்றச் செய்தவர் அவர். ஆயினும் 1924 ஜனவரியில் அவருக்குக் குடல்வால் அழற்சி கண்டபொழுது, புனா ஸஸூன் ஆஸ்பத்திரியில் ஆங்கில வைத்தியரின் கத்திக்கு இணங்கினார். எளிய உணவு வேறு, நோய்க்குச் சிகிச்சை வேறு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஏகாதசி உபவாசமும் எளிய உணவும் நல்லவையே. திடமான தேகமுள்ளவர் ஒருநாள் வயிற்றுக்கு ஓய்வு தருவதில் பிழையில்லை. கீரையும் வாழைத்தண்டும் சமைத்து உண்டால் நார்ச்சத்தும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவரும், கர்ப்பிணிகளும், மருந்து உண்பவரும் வைத்தியரைக் கேளாமல் இவ்விரதங்களில் இறங்கலாகாது.

நமது நண்பர் இப்பொழுது நடுப்பகலில் டிபன் காரியரைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களோடு உட்காருகிறார். நேற்று சுரைக்காய்க் கூட்டு. "கசக்கவில்லையே?" என்று கேட்டோம். "வீட்டிலே நறுக்கும்போதே ருசி பார்த்துவிட்டாள்" என்றார், சிறிது வெட்கத்துடன்.