அன்றாட மன இறுக்கமும் உடல் தரும் அறிகுறிகளும்

இரயில்வேயின் ஒவ்வொரு கோட்டத் தலைமையகத்திலும் கண்ட்ரோல் அறை ஒன்று உண்டு. எந்த வண்டி முன்னே செல்ல வேண்டும், எது ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதை அங்கு அமர்ந்திருக்கும் கண்ட்ரோலர் கணத்துக்குக் கணம் தீர்மானிக்கிறார். முன்பு கட்டமிட்ட தாளில் பென்சிலால் வரையப்பட்ட வண்டிகளின் போக்கு இன்று கணிப்பொறித் திரையில் தோன்றுகிறது. எனினும் அழைப்பு மணியும் அவசரமும் குறைந்தபாடில்லை. அவர் சுமை தூக்குவதில்லை; நாற்காலியை விட்டு எழுவதும் அரிது. ஆயினும் பணி முடிந்து எழும்போது, மூட்டை சுமந்தவருக்குப் போல் கழுத்தும் தோளும் வலிக்கின்றன.

இவ்வலி வெறும் கற்பனையன்று என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டுள்ளது. இடைவிடாத கவனத்தையோ கடும் உடலுழைப்பையோ வேண்டி, இளைப்பாற இடமளிக்காத பணிகளை 1989-ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டம் தனி வகையாகப் பிரித்தது. தொடர்ச்சியான பணிக்கு வாரம் 54 மணி என வரம்பிட்ட அச்சட்டம், இவ்வகைக்கு இரு வாரச் சராசரியில் 45 மணியையே அனுமதித்தது. கருத்தூன்றி அமர்ந்திருத்தலும் கடும் உடலுழைப்பும் அங்கு ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

உடலுழைப்பின்றித் தசைகள் இறுகுவதேன்? ஆபத்தைக் கண்டதும் ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் ஆயத்தமாகிறது. சிறுநீரகங்களின் மேல் குல்லாய் போல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, தசைகளுக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது, செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது. உணவுண்ட பூனை கலக்கமுற்றதும் அதன் இரைப்பையின் அசைவு நின்றுவிடுவதை அமெரிக்க அறிஞர் வால்ட்டர் கானன் எக்ஸ்-கதிர்களின் உதவியால் கண்டார். குளிர், காயம், நச்சு என எத்துன்பத்திற்கு உட்படுத்தினும் எலிகளின் உடல் ஏறத்தாழ ஒரே வகையில் மாறுதலடைவதை, கனடாவில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே 1936-இல் அறிவித்தார்.

இந்த ஏற்பாடு சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஆபத்துக்கு உரியது. கடன் தவணையையோ, மேலதிகாரியின் கடுஞ்சொல்லையோ ஓடித் தப்ப இயலாது. அவை தொடரும்வரை உடலும் ஆயத்த நிலையிலேயே நிற்கிறது. கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் இயல்பாக விடியற்காலையில் மிகுந்து நள்ளிரவில் தாழும்; இரவுப் பணியும் உறக்கக் குறைவும் இவ்வொழுங்கைக் குலைக்கின்றன.

தொல்லை என்னவெனில், மன இறுக்கம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலைவலியாகவும் பசியின்மையாகவும் அது வருகிறது. விடியுமுன் விழிப்பு வந்து மீண்டும் உறங்க இயலாமை, தம்மையறியாமல் பற்களைக் கடித்தல், படித்த வரியையே திரும்பப் படித்தல், சாவியை வைத்த இடம் மறத்தல், குழந்தை தட்டைக் கீழே போட்டதற்கு அளவுமீறிச் சினத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். பல வேளைகளில் இதனை முதலில் உணர்பவர் வீட்டிலுள்ளோரே. "இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறீர்கள்" என்னும் மனைவியின் சொல்லைக் குற்றச்சாட்டாகக் கொள்ளாமல் அறிகுறியாகக் கொள்ளுதல் நலம்.

எனினும் எல்லாப் பழியையும் கவலையின் மேல் சுமத்துவதும் தவறு. இரைப்பைப் புண்ணுக்குக் கவலையே காரணம் என நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அதற்கு ஒரு பாக்டீரியா முக்கிய காரணம் என்பதை வெளிப்படுத்தி 2005-இல் நோபெல் பரிசு பெற்றனர். ஆதலின் நீடித்த வயிற்று வலியை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். மார்வலியும் மூச்சுத் திணறலும் நேரின் சிறிதும் தாமதித்தலாகாது.

இறுக்கம் மிகுந்ததும் பலர் நாடுவது பீடியையும் தேநீரையுமே. நிகோட்டின் அட்ரினலினை மேலும் சுரக்கச் செய்து இதயத் துடிப்பை உயர்த்துகிறது. புகைத்ததும் கிடைக்கும் ஆறுதல் பெரும்பாலும், முந்தைய பீடியின் நிகோட்டின் வடிந்ததால் எழுந்த தவிப்பு அடங்குவதேயாகும்! இரவு எட்டு மணிக்குப் பருகிய தேநீரின் கஃபீனில் பாதி நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் செல்லும்.

இவற்றினும் எளிய வழி மூச்சில் உள்ளது. மூச்சை வெளிவிடும்போது, வேகஸ் நரம்பின் செயலால் இதயத் துடிப்பு சற்றுத் தாழ்கிறது. உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டி ஐந்து நிமிடம் மூச்சு விடுவதற்குத் தனி இடமோ கருவியோ வேண்டுவதில்லை. இரத்த அழுத்த நோயாளிகளுக்குச் சவாசனப் பயிற்சி அளித்து, பலரிடம் நற்பயன் கண்டதை பம்பாய் மருத்துவர் கே. கே. தாத்தேயும் அவர் குழுவினரும் 1969-இல் வெளியிட்டனர். இதனை மருந்துக்கு மாற்றாகக் கொண்டு மாத்திரையைத் தாமே நிறுத்துதல் ஆபத்தானது. நாள்தோறும் அரைமணி நடத்தலும், குறித்த நேரத்தில் உறங்கச் செல்லுதலும், கவலையை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாய்விட்டுக் கூறுதலும் துணை செய்யும்.

ஆனால் மாற்று ஆள் வராமல் இரு முறைப் பணியையும் ஒருவரே பார்க்க நேரும் அலுவலகத்தில், மூச்சுப் பயிற்சியைப் போதித்துப் பயன் சிறிது. அங்கே திருத்தம் பெற வேண்டியது பணிப் பட்டியலேயாகும்.

இரு வாரங்களுக்கு மேலாகத் துயரமோ உறக்கமின்மையோ நீங்காதிருப்பினும், வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் ஒருமுறை எழினும் உடனே உதவி நாட வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி இரவிலும் பகலிலும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.