வேதாரண்யத்தில் மைனஸ் 40 டிகிரியா? கார் ஸ்கேனர் வாங்கும் முன் கவனியுங்கள்!

அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைத் தாண்டி கோடியக்கரை வரை அடிக்கடி ஓடும் காருக்கு இரும்பின் ஆயுசு குறைவு. இதை வேதாரண்யத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவின் அடியில் துரு பிடித்தால் கண்ணில் பட்டுவிடும். ஆனால் பானெட்டுக்குள், சென்சாரின் கனெக்டரில் உப்புக்காற்று ஏற்றிவிட்ட பச்சைக் களிம்பு கண்ணில் படாது. ஒருநாள் டேஷ்போர்டில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரியும்.

"சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பார்கள். சில ஆயிரம் செலவாகும். மறுவாரமே விளக்கு மறுபடி எரியும். இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் பலர் செல்போனை எடுத்து, 'ஓ.பி.டி. ஸ்கேனர்' என்று ஆன்லைனில் தேட ஆரம்பிக்கிறார்கள். சில நூறு ரூபாயிலும் இருக்கிறது, பல ஆயிரத்திலும் இருக்கிறது. எதை வாங்குவது?

விலையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் காரின் வயதைப் பாருங்கள். பி.எஸ்.4 கார்களில் ஓ.பி.டி.2 என்ற பொது முறை 2013 ஏப்ரலிலிருந்து கட்டாயமானது. 2017 ஏப்ரலில் பி.எஸ்.4, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என நாடு முழுக்க விதிகள் வந்துவிட்டதால், அதற்குப் பிந்தைய பெட்ரோல், டீசல் கார்களில் கவலை இல்லை. அதைவிடப் பழைய காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருந்தாலும், மலிவு ஸ்கேனர் அதனுடன் பேசும் என்று உறுதி சொல்ல முடியாது.

அடுத்தது உங்கள் போன். ஆண்ட்ராய்டு என்றால் சாதாரண புளூடூத் ஸ்கேனர் போதும். ஐபோனுக்கு அது சேராது. வைஃபை அல்லது 'புளூடூத் லோ எனர்ஜி' வகைதான் வேண்டும். இதைப் பார்க்காமல் வாங்கித் திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய.

பெட்டியின் மேல் 'இ.எல்.எம். 327' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய சிப்பின் பெயர். அந்த நிறுவனம் 2022-லேயே மூடப்பட்டுவிட்டது. மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் நகல்கள். நகல் என்பதாலேயே ஒதுக்க வேண்டாம். பல நன்றாகவே வேலை செய்கின்றன. சில, குறிப்பிட்ட கார்களோடு மட்டும் பேச மறுக்கும். எனவே, திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்கி, கெடு முடிவதற்குள் உங்கள் காரிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, ஏர்பேக் விளக்கோ ஏ.பி.எஸ். விளக்கோ எரிந்தால் இந்த ரகம் பொதுவாக உதவாது. அதற்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெரிய ஸ்கேனர் வேண்டும். வீட்டுக்கு ஒரு காருக்காக அதை வாங்குவது வீண் என்பேன்.

ஆனால், எதை வாங்கினாலும் ஒரு வசதி கட்டாயம் இருக்க வேண்டும். கோடு எண்ணோடு, ஓடும் என்ஜினின் அளவீடுகளையும் காட்ட வேண்டும். இதை 'லைவ் டேட்டா' என்பார்கள். ஏன்?

பி0113 என்று ஒரு கோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் சர்க்யூட்டில் மின்னழுத்தம் அதிகம் என்று அர்த்தம். கோடு மட்டும் காட்டும் கருவி இத்தோடு நின்றுவிடும். நாமும் சென்சாரை மாற்றிவிடுவோம். லைவ் டேட்டாவைத் திறந்தால் காற்றின் வெப்பம் பெரும்பாலும் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். சித்திரை வெயிலில், வேதாரண்யத்தில்! ஒயரில் தொடர்பு அறுந்தால் வரும் எண் அது. சென்சார் கெட்டிருக்கலாம், கனெக்டரில் களிம்பு ஏறியிருக்கலாம், எலி ஒயரைக் கடித்திருக்கலாம். நம் ஊரில் முதலில் கனெக்டரைத்தான் பார்க்க வேண்டும். சாவியை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, உலரவிட்டு மாட்டினால் பல நேரம் வேலை முடிந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மஞ்சள் நிற ஏர்பேக் கனெக்டர், ஹைப்ரிட் காரின் ஆரஞ்சு கேபிள் பக்கம் கையே போகக் கூடாது.

கோடு வந்ததும் அழித்துவிடும் அவசரமும் வேண்டாம். கோளாறு பதிவான நொடியில் கார் என்ன வேகத்தில் போனது, என்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது என்ற விவரம் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். மெக்கானிக்குக்குத் துப்பே இருக்காது. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் ஸ்கேனரைத் தேட வேண்டாம். என்ஜினில் பெட்ரோல் சரியாக எரியாமல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிக்கொண்டிருக்கலாம். ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள். அந்தப் பாகத்தின் விலை, நீங்கள் வாங்கிய ஸ்கேனரைப் போலப் பல மடங்கு.

வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றி வைத்துவிடுங்கள். மாட்டியபடியே வாரக்கணக்கில் காரை நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடும்.