ஓடுகிற பிள்ளையின் காலையும் பாருங்கள்



சென்ற வருடத் தொடக்கத்தில், ஆடு வளர்ப்புக் கடன் விடயமாக வடமராட்சியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கணவனை இழந்த அந்தத் தாய்க்கு மூன்று பிள்ளைகள். மூத்த மகள் தரம் 10 இல் படித்துக்கொண்டிருந்தாள். இல்ல விளையாட்டுப் போட்டியில் 1500 மீற்றர் ஓடுவதற்காக நாள்தோறும் பயிற்சி செய்துவந்தாள். விறாந்தையில் இருந்தவள் என்னைக் கண்டதும் வலது காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என்ன பிள்ளை, காலிலை காயமோ?"

"ஒண்டுமில்லை அக்கா."

வற்புறுத்திப் பார்த்தேன். பெருவிரல் நகம் கறுத்து, ஓரம் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. "அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, ஓட விடமாட்டா" என்று மெல்லிய குரலில் சொன்னாள். பக்கத்தில் கிடந்த சப்பாத்து எனக்குத் தெரிந்த சப்பாத்து. இரண்டு மாதத்துக்கு முன்னர், நன்கொடையாக வந்த பழைய சப்பாத்துகளில் ஒரு சோடியை அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவளே நான்தான். அளவு கேட்கவில்லை. சின்னன் என்று சொன்னால் நான் கவலைப்படுவேன் என்று அவளும் சொல்லவில்லை.

தாய் வந்து பார்த்தா. "95 இலை நாங்கள் நடந்த நடைக்கு இதுவும் ஒரு நோவோ தங்கச்சி?" என்றா.

அவ வலிகாமத்தில் பிறந்தவ. 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அவவுக்கு 12 வயது. செருப்பு அறுந்து, நகம் கழன்றதைக் கைதடியில்தான் கண்டாவாம். எனக்கு அப்போது 6 வயது. அப்பாவின் தோளில் போனேன். எங்களுக்கு ஓட்டம் என்றால் உயிரைக் காக்க ஓடிய ஓட்டம்தான். இந்தப் பிள்ளை விரும்பி ஓடுகிறாள். நாங்கள் நோவைப் பொறுத்தோம் என்பதற்காக அவளும் பொறுக்க வேண்டுமா?

மறுநாள் மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் சீழை எடுத்து மருந்து கட்டி, இரண்டு கிழமை ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த வருடப் போட்டி போய்விட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் பிள்ளை அழுதாள். அதற்கு நானும் ஒரு காரணம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நகம் ஏன் கறுக்கிறது?

ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் கால் முன்னுக்கு வழுக்குகிறது. சப்பாத்து கட்டையாக இருந்தால் நகம் அதன் நுனியில் ஆயிரக்கணக்கான தடவை இடிபடும். நகத்தின் கீழ் இரத்தம் கசிந்து கறுக்கும். சப்பாத்து பெரிதாக இருந்தாலும், லேஸ் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். நீண்ட நகமும் இடிபடும்.

இந்தியாவின் சுவப்னா பர்மனைச் சிலர் அறிந்திருப்பீர்கள். தகப்பன் றிக்ஷா மிதித்தவர், தாய் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். சுவப்னாவுக்கு ஒவ்வொரு காலிலும் ஆறு விரல்கள். கடைச் சப்பாத்து எதுவும் பொருந்தாமல் நோவோடுதான் ஓடினார். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஏழு அம்சப் போட்டியில் தங்கம் வென்ற பிறகே அவருடைய காலுக்கென்று சப்பாத்து செய்து கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைகள் பதக்கம் வெல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு பென்சிலும் மட்டையும் போதும்.

அளவு எடுப்பது எப்படி?

பின்னேரத்தில் கால் சற்று வீங்கியிருக்கும். அப்போது பிள்ளையை மட்டையில் நிற்கவைத்து இரண்டு கால்களையும் சுற்றிக் கோடு போடுங்கள். ஒரு கால் மற்றதைவிடப் பெரிதாக இருக்கலாம். பெரிய காலின் அளவையே எடுங்கள். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். நீளமான விரலின் நுனியிலிருந்து ஒரு பெருவிரல் அகலம் கூட்டி வெட்டுங்கள். அந்த மட்டை சப்பாத்துக்குள் மடங்காமல் போனால் அளவு சரி.

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் சப்பாத்து அனுப்புவதென்றால் "6 ஆம் நம்பர்" என்று சொல்லாதீர்கள். நாட்டுக்கு நாடு நம்பர் மாறும். காலின் நீளத்தைச் சென்ரிமீற்றரில் சொல்லுங்கள்.

சப்பாத்து இல்லையே என்று பிள்ளை வெட்கப்படவும் வேண்டாம். 1960 இல் ரோம் ஒலிம்பிக் மரதனை எதியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலுடன் ஓடி வென்றார். காலுக்குப் பொருந்தாத சப்பாத்தைவிட வெறுங்கால் மேல். ஆனால் மைதானத்தில் நெருஞ்சி முள்ளும் போத்தல் ஓடும் இல்லையா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

நகத்தைக் குளித்த பிறகு, மெதுமையாக இருக்கும்போது வெட்டுங்கள். நேராக வெட்ட வேண்டும். ஓரங்களைத் தோண்டி வெட்டினால் நகம் சதைக்குள் வளரும். அடியோடு ஒட்டவும் வெட்டக்கூடாது.

ஓடி முடிந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். ஈரக் காலுறையை மறுபடி போடவிடாதீர்கள். சேற்றுப்புண் வருவது இந்த ஈரத்தால்தான்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். தானாக உடைந்தால் சவர்க்காரமிட்டுக் கழுவி, தோலை உரிக்காமல் சுத்தமான துணியால் மூடுங்கள். காலில் புண்ணோடு மழை வெள்ளத்துக்குள் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி காயத்தின் வழியாக உள்ளே போகும். 2024 டிசம்பரில் குடாநாட்டில் அந்தக் காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

நோவில்லாமல் நகம் கறுத்திருந்தால் அப்படியே விடலாம். அது மெல்ல வளர்ந்து போகும். விண்விண் என்று நொந்தாலோ, சீழ், வீக்கம், காய்ச்சல் இருந்தாலோ அன்றே போங்கள். ஊசியைச் சுடவைத்து நகத்தைக் குத்தாதீர்கள். கழன்ற நகத்தைப் பிடுங்காதீர்கள். முள்ளோ ஆணியோ ஏறினால் ஏற்பு ஊசி போட்டதா என்று கேளுங்கள். அடிபடாமலே நகத்தில் கறுப்புக் கோடு தோன்றி, அது மறையாமல் அகலித்தால் கட்டாயம் டொக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் கால்?

ஒவ்வொரு வீட்டிலும் "உங்களுக்கு உடம்பு எப்படி?" என்று கேட்பேன். "எனக்கொன்றுமில்லை" என்பதே எல்லாரும் தரும் பதில். பிள்ளைகள் "ஒண்டுமில்லை" என்று சொல்லப் பழகுவது எங்களிடமிருந்துதான்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும், ஷெல் துண்டு பட்டுக் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் காயம் நோகாமல் இருக்கலாம். நோகவில்லை என்று இருந்துவிடாமல் நாளும் கண்ணால் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பாருங்கள். செயற்கைக்கால் போட்ட சகோதரிகளே, உங்களைச் சுமப்பது மற்றக் கால். அதன் நகத்தையும் குதியையும் யாரும் உதவிக்கு இருந்து பார்க்கட்டும்.

ஓடும் வயது போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தன் அம்மா, 2023 இல் 72 வயதில் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போய், மூத்தோர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்று வந்தவ.

அந்தப் பிள்ளைக்கு நகம் முழுதாக வளர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. மட்டையில் எடுத்த அளவுக்குக் கனடாவில் இருக்கும் மாமா ஒரு சோடி அனுப்பினார். இந்த வருடம் ஓடினாள். நான்காவதாக வந்தாள். போட்டி முடிந்து, மைதான ஓரத்தில் தாய் அவளுடைய சப்பாத்தைக் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பார்த்ததை நான் கண்டேன்.

இன்று பின்னேரம் உங்கள் பிள்ளையின் காலையும் பாருங்கள். அப்படியே உங்கள் காலையும் ஒருமுறை பாருங்கள்.