குதிரைக்குக் கட்டிய வீடு

லண்டனின் மேஃபேர், பெல்கிரேவியா, கென்சிங்டன் பகுதிகளில் பெரிய வீதியை விட்டு விலகி ஒரு வளைவுக்குள் நுழைந்தால், சட்டென்று வேறோர் ஊருக்கு வந்துவிட்டதுபோல் இருக்கும். வெள்ளைத் தூண்கள் வைத்த நான்கைந்து மாடி மாளிகைகள் மறைந்துபோகும். கருங்கல் பாவிய சந்தும், இருபுறமும் ஒற்றை மாடி வீடுகளும், அவற்றில் அளவுக்கு மீறிய பெரிய இரட்டைக் கதவுகளும் கண்ணில் படும். ‘மியூஸ்’ எனப்படும் இந்தச் சந்து வீடுகள் இன்று பத்து லட்சம் பவுண்டையும் தாண்டி விலைபோகின்றன. கட்டியபோது இவை குதிரை லாயங்கள்.

தாமஸ் கியூபிட் போன்றவர்கள் 1820களிலிருந்து பெல்கிரேவியாவில் செல்வந்தர்களுக்கு வரிசை வரிசையாக மாளிகைகள் எழுப்பினார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் ஒரு லாயச் சந்து அமைந்தது. கீழே சாரட்டும் குதிரைகளும் நின்றன. மேலே வைக்கோல் பரண். அதை ஒட்டிய சிறு அறைகளில் வண்டிக்காரரின் குடும்பம். சாரட்டு நுழைவதற்காகத்தான் அத்தனை பெரிய கதவு. வைக்கோல் கட்டுகளைத் தெருவிலிருந்து மேலே ஏற்ற மாடியில் தனியாக ஒரு வாசல் உண்டு. கழுவிய தண்ணீரும் மூத்திரமும் தேங்காமல் ஓட, தரையைச் சரிவாக்கி வடிகால் வைத்தார்கள்.

பின்சுவரின் கதை வேறு. பெரும்பாலும் அதில் ஜன்னலே இருக்காது. அந்தப் பக்கம் எஜமானரின் தோட்டம். வேலைக்காரர்கள் அதை எட்டிப் பார்க்கக் கூடாது, லாயத்தின் நாற்றமும் அங்கே போகக் கூடாது. விளைவு, வெளிச்சம் முன்பக்கத்திலிருந்து மட்டும்தான். இன்றும் இவற்றைப் புதுப்பிக்கும் கட்டடக் கலைஞர்களுக்கு இதுதான் முதல் தலைவலி. கூரையைத் திறந்து கண்ணாடி பதிக்கிறார்கள். சிலர் படுக்கையறையைக் கீழே இறக்கி, வெளிச்சம் கிடைக்கும் மாடிக்குக் கூடத்தைக் கொண்டுபோகிறார்கள்.

குதிரைகளை வெளியேற்றியது மோட்டார். லண்டனின் பெரிய பேருந்து நிறுவனமான ‘லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ்’ தன் கடைசிக் குதிரை பஸ்ஸை 1911 அக்டோபர் 25 அன்று ஓட்டியது. பணக்காரர்களும் காருக்கு மாறினார்கள். லாயங்கள் கராஜ்களாயின; பிறகு, இட நெருக்கடி மிகுந்த நகரத்தில், ஒவ்வொன்றாக வீடுகளாயின.

துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டி 1929இல் செல்சி பகுதியின் கிரெஸ்வெல் பிளேஸில் அப்படி ஒன்றை வாங்கினார். அப்போது கீழ்த்தளத்தில் குதிரைத் தடுப்புகளும் தீவனத் தொட்டிகளும் இருந்தன. மாடிக்கு ஏணி போன்ற படிக்கட்டு. கிறிஸ்டி லாயத்தின் மரவேலைகளைப் பிடுங்கி எறியவில்லை. அவற்றைச் சுவரோடு சுவராகப் பொருத்தி, அதற்கு மேலே பூச்செடிகள் வரைந்த காகிதம் ஒட்டவைத்தார். சேணங்கள் தொங்கிய அறை கார் நிறுத்தும் இடமானது. மியூஸ் வீடொன்றில் நடக்கும் மரணத்தை வைத்து அவர் எழுதிய கதை, 1937இல் ஒரு தொகுப்புக்கே தலைப்பானது.

மரத்தை மாற்றிவிடலாம், செங்கல்லை மாற்றுவது சுலபமில்லை. பல பத்தாண்டுகள் குதிரை மூத்திரம் ஊறிய சுவரில் நைட்ரேட் உப்புகள் தங்கிவிடுகின்றன. அவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால், குழாய்க் கசிவு எதுவும் இல்லாமலே சுவர் ஓதம் காக்கும். புதிதாகப் பூசினாலும் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிரும். அதனால் பழைய பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்து, செங்கல்லைத் தொடாதபடி சற்று இடைவெளி விட்டு உள்ளே இன்னொரு சுவர் எழுப்புவதுண்டு. ஏற்கெனவே குறுகலான வீட்டில் அதற்கும் கொஞ்சம் இடம் போகும். பழைய லாயத்தை வாங்க வருபவருக்கு, விலை பேசும் முன் சுவரில் உப்புச் சோதனை செய்துகொள்ளச் சொல்லும் சர்வேயர்கள் இருக்கிறார்கள்.