உஷார்! ‘மனநோயாளிக்கு ஹெபடைடிஸ் சி சிகிச்சை ஆகாது’ என்பதை நம்பிவிடாதீர்கள்!

மாக் மண்டின் மக்களே, கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் வீட்டில் மனநல மாத்திரை சாப்பிடும் அண்ணனோ அக்காவோ இருக்கிறாரா? கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி இருக்கிறதா என்று அவருக்குச் சோதனை எடுத்தாயிற்றா? இல்லையென்றால், இது உங்களுக்குத்தான்.

பட்டர்வொர்த் பக்கம் ஒரு குடும்பம். பேர் வேண்டாம். மூத்த பிள்ளைக்கு வெகு காலமாக மனநலச் சிகிச்சை. ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி இருப்பதும் தெரியும். “இவருக்கு அதற்கான ஊசி ஒத்துக்காது” என்று அப்போது யாரோ சொல்ல, வீட்டில் அதோடு விட்டுவிட்டார்கள். வருஷங்கள் ஓடின. திடீரென்று ராத்திரி முழுக்க விழிப்பு, பகலெல்லாம் தூக்கம், பேச்சில் குழறல். “பழைய வியாதி திரும்பிடுச்சு” என்று தூக்க மாத்திரை கொடுத்தார்கள். பிறகு ஒருநாள் ரத்த வாந்தி.

கெட்டது மனமில்லை. கல்லீரல்! சுருங்கிப்போன கல்லீரல் கழிக்காத நஞ்சுதான் மூளைக்கு ஏறியிருந்தது. அந்த நிலையில் தூக்க மாத்திரை ஆளையே சாய்த்துவிடும்.

அன்று சொன்னது பொய்யில்லை. அப்போது இருந்தது இன்டர்ஃபெரான் ஊசி. மாதக்கணக்கில் போட வேண்டும். கடும் மனச்சோர்வு வரலாம், தற்கொலை எண்ணம்கூட வரலாம். அதனால்தான் மனநோயாளிகளை ஒதுக்கினார்கள். அந்தக் காலம் போய்விட்டது! இப்போது சோஃபோஸ்புவிர், டக்ளாட்டாஸ்விர் என்று மாத்திரைகள். பெரும்பாலோருக்கு 12 வாரம் போதும். நூற்றுக்கு 90 பேருக்கு மேல் குணமாகிறது. அமெரிக்காவில் முதலில் 12 வாரத்துக்கு 84,000 டாலர் என்று விற்ற சோஃபோஸ்புவிர் இது. 2017இல் மலேசிய அரசு, காப்புரிமைச் சட்டம் தனக்குத் தரும் அதிகாரத்தைப் பயன்படுத்தி மலிவு மருந்துக்கு வழி திறந்தது. 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தருகிறார்கள். இத்தனையும் இருந்தும் பழைய பேச்சைக் கேட்டுச் சும்மா இருப்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. கார்பமசெபின்! இருதுருவ மனநோய்க்கும் வலிப்புக்கும் கொடுப்பார்கள். அது சோஃபோஸ்புவிரின் வேலையைக் கெடுத்துவிடும். ஃபெனிடோயினும் அப்படித்தான். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து! மாற்று மருந்தை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டிலிருக்கும் மாத்திரை, நாட்டு மருந்து, ‘கல்லீரல் சுத்தி’ பவுடர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அவர் முன்னால் கொட்டுங்கள்.

கண் மஞ்சளானால், வயிறு உப்பினால், கால் வீங்கினால் தள்ளிப்போடாதீர்கள். மலம் தார் போலக் கறுத்தாலும், ரத்த வாந்தி வந்தாலும், ஆள் திடீரென்று குழம்பினாலும் அந்த நிமிஷமே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

அறிகுறி ஒன்றுமே தெரியவில்லையா? அதுதான் பெரிய பயம். இந்தக் கிருமி இருபது, முப்பது வருஷம்கூடச் சத்தமில்லாமல் இருக்கும். தடுப்பூசியும் கிடையாது. பகிர்ந்துகொண்ட ஊசி, சுத்தமில்லாத பச்சை குத்தல், அடுத்தவர் சவர பிளேடு, எதுவும் போதும் அது தொற்றுவதற்கு.

இந்த வாரமே அவரைச் சுகாதார கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். முதல் சோதனையில் ‘இருக்கிறது’ என்று வந்தால், கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் இரண்டாவது ரத்தச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். மனநல டாக்டருக்கும் கல்லீரல் டாக்டருக்கும் ஒருவர் எழுதிய மருந்து மற்றவருக்குத் தெரியட்டும். நோயாளியால் சொல்ல முடியாவிட்டால், நீங்கள் சொல்லுங்கள்.