எக்ஸ்ரே படத்தில் ஒரு வளைகோடு



எக்ஸ்ரே படத்தைக் கையில் கொடுத்தால் நாம் உடனே விரிசலைத் தேடுவோம். எலும்பு மருத்துவரோ, இருக்கவேண்டியவை இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்ப்பார்.

குளியலறையில் வழுக்கி விழுந்த ஒரு முதிய தாயாரின் இடுப்புப் படத்தை எடுத்துக்கொள்வோம். இடுப்புக் கூட்டின் இருபுறமும் கிண்ணம்போல் ஒரு குழி. அதில் பந்துபோல் பொருந்தியிருப்பது தொடை எலும்பின் தலை. அதற்குக் கீழே ஒடுங்கிய கழுத்து. கழுத்து முடியுமிடத்தில் வெளிப்பக்கம் பெரிய முண்டு (இடுப்பின் பக்கவாட்டில் கைவைத்தால் தட்டுப்படுவது அதுவே). உட்பக்கம் சிறிய முண்டு.

இனி, இடுப்புக் கூட்டின் முன்பக்க எலும்பினுடைய கீழ் விளிம்பில் விரலை வைத்து, அப்படியே தொடை எலும்புக் கழுத்தின் உள்விளிம்புக்கு நகர்த்துங்கள். பாலத்தின் வளைவுபோல் தடையின்றிச் செல்லவேண்டும். ஷென்டன் என்ற ஆங்கிலேய எக்ஸ்ரே மருத்துவர் 1911-ல் தமது நூலில் விளக்கிய கோடு இது. வளைவு நடுவில் படியிறங்கினாற்போல் உடைந்திருந்தால் கழுத்து முறிந்திருக்கலாம், அல்லது மூட்டு விலகியிருக்கலாம். நூறாண்டு கடந்தும் இந்த எளிய கோட்டுக்கு மதிப்புக் குறையவில்லை.

ஒரே படத்தில் இரு இடுப்புகளையும் எடுப்பது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே. பாதங்களைச் சுமார் 15 டிகிரி உட்புறம் திருப்பி எடுப்பார்கள். இல்லாவிட்டால் கழுத்து குறுகித் தெரியும். எலும்பு முறிந்திருந்தால் பாதம் வெளிப்புறம் சாய்ந்துவிடும்; அதை வலிந்து திருப்பக்கூடாது. அப்போது அந்தப் பக்கத்துச் சிறிய முண்டு பெரிதாகத் தெரியும். அதுவும் ஓர் அடையாளம்.

ஆனால் வளைவு சரியாக இருப்பதாலேயே முறிவு இல்லையென்று சொல்லிவிட முடியாது. எலும்பு விலகாமல் முறிந்திருந்தால் சாதாரணப் படத்தில் தெரியாமற்போவதுண்டு. சிலர் நடந்தேகூட வருவார்கள்! விழுந்தபின் தொடையிடுக்கில் வலி நீடித்தால், காலூன்ற முடியாவிட்டால், எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன் எடுக்கவேண்டும். தலைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் பெரும்பாலானவை கழுத்தை ஒட்டியே செல்கின்றன. முறிந்த எலும்பு விலகினால் அவை அறுபடலாம். இரத்தமின்றித் தலை செத்துப்போகலாம். விலகுமுன் கண்டுபிடித்தால் திருகாணிகளால் பொருத்தி, அவருடைய சொந்த எலும்பையே காப்பாற்றப் பெரும்பாலும் வழியுண்டு. விலகியபின் முதியவர்களுக்குப் பெரும்பாலும் செயற்கை மூட்டுதான்.

ஆகவே வீட்டில் பெரியவர்கள் விழுந்தால் எண்ணெய் தேய்த்து நீவிவிடாதீர்கள். காலை இழுத்துப் பார்க்காதீர்கள். நடக்கவைக்காமல் படுத்தபடியே அழைத்து வாருங்கள். பழைய இடுப்புப் படம் இருந்தால் அதையும் கையோடு எடுத்து வாருங்கள்.