தாராவிக்கு என்ன நிறம்?

கொரோனாவின் முதல் அலையில் உலகமே தினமும் திறந்து பார்த்தது டேஷ்போர்டுகள் எனும் தரவுப் பலகைகளைத்தான். 2020 ஜனவரி 22 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வெளியிட்ட உலக வரைபடம் அவற்றில் புகழ்பெற்றது. கருப்புப் பின்னணியில் சிவப்பு வட்டங்கள். வட்டத்தின் பருமன் அதுவரை பதிவான மொத்தத் தொற்றைக் குறித்தது. மொத்தம் ஏறுமே தவிர இறங்காது. நோய் தணிந்த நாட்டிலும் வட்டம் சுருங்கவில்லை. அதில் பொய் இல்லை. ஆனால் இன்றைய நிலவரம் என்ன என்ற கேள்விக்கு விடையும் இல்லை. டேஷ்போர்டின் நேர்மை அதன் அழகில் இல்லை. எதை எதால் வகுத்தோம், எல்லைக்கோட்டை எங்கே போட்டோம் என்ற இரண்டு முடிவுகளில் இருக்கிறது. இதற்கு மும்பையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மும்பையின் குடிசைப் பகுதியான தாராவியில் முதல் தொற்று 2020 ஏப்ரல் 1 அன்று உறுதியானது. ஜூலை இரண்டாம் வாரத்தில் எண்ணிக்கை 2,300க்கு மேல் இருந்தது. லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்க்க மக்கள்தொகை வேண்டும். சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டரில் ஆறரை லட்சம் பேர் என்பாரும் உண்டு, பத்து லட்சம் என்பாரும் உண்டு. 2,300 என்றே வைத்துக்கொண்டால் முதல் கணக்கில் லட்சத்துக்கு 354, இரண்டாவதில் 230. முந்நூறுக்கு மேல் சிவப்பு, கீழே மஞ்சள் என்று வடிவமைப்பாளர் வைத்திருந்தால், ஒரு நோயாளிகூடக் கூடாமல் குறையாமல் தாராவியின் நிறம் மாறிவிடும். முதலில் முழுத்தோற்றம், பிறகு நெருங்கிப் பார்க்கவும் வடிகட்டவும் வழி, கேட்கும்போது விவரம் என்று 1996இல் கணினி அறிஞர் பென் ஷ்னைடர்மன் வகுத்த வரிசை இங்கேதான் கைகொடுக்கும். நிறத்தின் மேல் விரல் வைத்ததும் வகுத்த மக்கள்தொகை தெரிய வேண்டும். அதை மாற்றிப் பார்க்கவும் வசதி வேண்டும். வட்டங்களைத் துள்ள வைப்பதைவிட இதுதான் ஊடாடும் வசதியின் உண்மையான பயன்.

எல்லைக்கோடு இன்னும் நுட்பமானது. தாதர், மாஹிம், தாராவி மூன்றும் ஜி நார்த் வார்டில் அடங்கும்; மாநகராட்சி மூன்றையும் பிரித்தே அன்றாடக் கணக்கு தந்தது. பிரிக்காத இடத்தில் என்ன நேரும் என்பதை அந்த ஜூலையில் நடந்த ரத்தப் பரிசோதனை ஆய்வு காட்டியது. நிதி ஆயோக், மும்பை மாநகராட்சி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை சேர்ந்து மூன்று வார்டுகளில் 6,936 மாதிரிகளைச் சோதித்தன: மாட்டுங்கா உள்ள எஃப் நார்த், செம்பூர் உள்ள எம் வெஸ்ட், தஹிசர் உள்ள ஆர் நார்த். குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேரிடம் நோய் எதிர்ப்பொருள் இருந்தது. மற்ற பகுதிகளில் 16 சதவீதம். நெருக்கமும் பொதுக் கழிப்பறையும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. வார்டு முழுவதையும் ஒரே நிறத்தில் நிரப்பினால் கிடைக்கும் சராசரி குடிசைக்காரருக்கும் பொருந்தாது, ஃபிளாட்காரருக்கும் பொருந்தாது.

அதே ஆய்வு மரண விகிதத்தையும் புரட்டிப் போட்டது. ஜூலை இறுதியில் மும்பையில் உறுதியான தொற்று 1.1 லட்சம், மரணம் 6,000க்கு மேல்: நூற்றுக்கு ஐந்துக்கும் அதிகம். பரிசோதனைக்கே வராமல் தொற்று வந்து போனவர்களையும் சேர்த்து வகுத்தபோது அது 0.05 முதல் 0.10 சதவீதமாக இருக்கலாம் என்று மாநகராட்சி மதிப்பிட்டது. மரணப் பதிவில் விடுபட்டவை இருந்தால் இதுவும் மாறும். ஆக, பெரிய எழுத்தில் ஒரு சதவீதத்தைப் போடும் பலகை, எந்தக் கூட்டத்தில் அத்தனை சதவீதம் என்று சொல்லியாக வேண்டும்.

இத்தனை நுணுக்கம் பாமரருக்கு எதற்கு, ஒரே எண் போதாதா என்று கேட்கலாம். 2020 ஜூனில் வார்டுதோறும் அமைந்த, படுக்கை ஒதுக்கும் வார் ரூம்களுக்குக் காலிப் படுக்கை எத்தனை என்ற ஒரே எண் போதுமாக இருந்தது; அங்கே கேள்வியும் ஒன்றே. நான் எவ்வளவு அஞ்ச வேண்டும் என்று கேட்பவருக்கு அது போதாது. தாராவியைக் காத்தவர்கள் வீடு வீடாகப் போன களப்பணியாளர்களே, திரை அல்ல என்பது இன்னொரு ஆட்சேபம். முழுக்கச் சரி. ஆனால் காய்ச்சல் முகாமை எந்தச் சந்தில் போடுவது என்பதைச் சந்து அளவில் பிரித்த கணக்குதான் சொல்லும். எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம், இவ்வளவு நுணுக்கிக் காட்டினால் அந்தப் பகுதி மக்கள் மேல் பழி விழும் என்பது. தாராவி என்றாலே முகம் சுளிப்பவர்கள் உள்ள நகரத்தில் இது வெறும் கற்பனை அல்ல. அதனால் சந்துக் கணக்கு பணியாளர்களுக்கும், பகுதிக் கணக்கு பொதுமக்களுக்கும் என்று பார்வையாளருக்கு ஏற்ப அடுக்க வேண்டும். கூடவே, தொற்று அதிகம் என்பதன் பக்கத்திலேயே கழிப்பறைக்கு எத்தனை பேர் என்பதையும் வைத்தால், பழி மனிதர்களை விட்டு வசதியின்மை மேல் போகும். தரவைக் கொண்டு கதை சொல்வது திரிப்பு என்பவர்களுக்கும் இதுவே பதில். எதைப் பக்கத்தில் வைப்பது என்பது எப்போதும் ஒரு தேர்வுதான். அதை மறைப்பதுதான் திரிப்பு.

பிறகு தாராவியில் வேறொரு கணக்கெடுப்பும் வந்தது. 2024 மார்ச்சில் தொடங்கிய புனரமைப்புச் சர்வேயில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தள வீட்டுக்காரருக்கு அங்கேயே இலவச வீடு; மேல்தளத்தாருக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் வேறு விதி. நாளை ஒரு பலகை ‘தகுதியுள்ளோர் இத்தனை சதவீதம்’ என்று பச்சை நிறத்தில் காட்டலாம். தரைத்தளத்தாரை மட்டும் வைத்து வகுத்தால் அந்தச் சதவீதம் உயரும்; மாடியில் இருப்பவரையும் சேர்த்தால் இறங்கும். எண்ணைக் கேட்கும் முன் வகுத்த எண்ணைக் கேட்க வேண்டியது தாராவிக்காரரின் உரிமை.